ரொட்டி வண்டிக்குள் ஒரு வானொலி நிலையம்: எஸ்ஆர்ஐ வேன், 1976–1977

கலிபோர்னியாவின் போர்ட்டோலா வேலியில் ஆல்பைன் இன் என்றொரு பழைய மதுக்கடை உண்டு. அதன் பின்புறத் தோட்டத்தில் ஒரு மர மேசையின் மேல் கணினி முனையத்தை வைத்துத் தட்டச்சு செய்யும் காட்சி, இணையத்தின் வரலாற்றைச் சொல்லும் இடங்களில் எல்லாம் தவறாமல் காட்டப்படுகிறது. நாள் 1976 ஆகஸ்ட் 27. மேசையிலிருந்த முனையத்திலிருந்து ஒரு கம்பி வாகன நிறுத்துமிடத்தில் நின்ற வேனுக்குப் போனது. அங்கிருந்து செய்தி வானொலி அலையாக எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்துக்கும், பிறகு இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் கணினி வலை வழியாக பாஸ்டனுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த இடத்தில் இப்போது ஒரு நினைவுப் பலகையும் இருக்கிறது. ஆனால் அந்தக் காட்சியில் வேன் நிற்கிறது. நிற்கும் வரையில் அது சக்கரம் பூட்டிய ஒரு சிறு அறைதான். நகர்கிற வானொலி நிலையமாக அதை ஆக்குவதற்கு எடுக்கப்பட்ட முடிவுகளும், அந்த முடிவுகள் தரவுப் பரிமாற்றத்தின் நெறிமுறைகளையே மாற்றிய விதமும்தான் இந்த ஆய்வின் பொருள்.

திட்டத்துக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான ஆர்ப்பா. 1972-இல் அங்கு வந்து சேர்ந்த ராபர்ட் கான், கணினிகளுக்கிடையே தரவைச் சிறு துண்டுகளாக, அதாவது பொட்டலங்களாக, அனுப்பும் முறையைத் தொலைபேசிக் கம்பியிலிருந்து விடுவித்து, களத்தில் நகரும் படையினருக்கும் எட்டும்படி வானொலியில் ஏற்ற விரும்பினார். முன்னோடி ஒன்று இருந்தது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971-இல் இயக்கத் தொடங்கிய அலோஹாநெட், 407.350, 413.475 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளில் நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் முனையங்களை ஒரு மையக் கணினியுடன் இணைத்தது. அதன் முனையங்கள் ஆங்காங்கே நிலையாக இருந்தன, எல்லாப் பேச்சும் நடுவிலிருந்த ஒரே நிலையத்தோடுதான் நடந்தது. அந்த ஒரு நிலையத்தின் எல்லையைத் தாண்டினால் வலை இல்லை. கான் கேட்டதோ, ஒரு வானொலி மற்றொரு வானொலியின் பொட்டலத்தை வாங்கித் தள்ளிவிடும், யாரும் நகரலாம், கேட்டதைத் திரும்ப ஒலிபரப்பும் மறுபரப்பி ஒன்று வழியில் செத்துப்போனாலும் வேறு வழி பிடித்துச் செல்லும் ஒரு வலை.

வேலை பல கைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. வானொலிப் பெட்டிகளை ராக்வெல் நிறுவனத்தின் காலின்ஸ் பிரிவு செய்தது. வலையைக் கண்காணித்து வழிகாட்டும் நிலையத்தின் மென்பொருளை பிபிஎன் நிறுவனம் எழுதியது. நெரிசலையும் செயல்திறனையும் கணக்கிடும் பொறுப்பு யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் லெனார்ட் கிளைன்ராக் குழுவினருக்குப் போனது. இவற்றையெல்லாம் ஒன்றாகப் பூட்டி, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் உயரமான இடங்களில் மறுபரப்பிகளை நிறுவி, ஓட்டிப் பார்த்து அளக்கும் வேலை மென்லோ பார்க்கிலிருந்த எஸ்ஆர்ஐயுடையது. அவர்கள் தேர்ந்த வாகனம், காலையில் கடை கடையாக ரொட்டி இறக்கிவிட்டுப் போகும் பெட்டி வடிவ வேன். ஆள் நிமிர்ந்து நின்று வேலை செய்யும் உயரமும், இரு பக்கமும் கருவிச் சட்டங்களை நிறுத்தும் நேர்ச்சுவரும், ஆன்டெனா வைப்பதற்குத் தட்டையான கூரையும் கொண்ட வண்டி வேறு எதுவும் அவ்வளவு எளிதாகக் கிடைத்திருக்காது. பார்ப்பவர் கண்ணில் படாமல் எங்கும் நிறுத்தலாம் என்பது கூடுதல் வசதி.

முதல் பெரிய முடிவு அதிர்வெண். 1710 முதல் 1850 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை அமெரிக்க அரசின் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. பரிசோதனை வானொலிகள் அதற்குள் அமைக்கப்பட்டன. இன்று தமிழ்நாட்டில் ஒருவர் சட்டைப்பையில் வைத்திருக்கும் கைப்பேசி 1800 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் கோபுரத்தை நோக்கிப் பேசுவது 1710 முதல் 1785 மெகாஹெர்ட்ஸுக்குள் என்பதை நினைத்துப் பார்த்தால், எஸ்ஆர்ஐ பொறியாளர்கள் எதிர்கொண்ட வானம் நமக்கு அந்நியமானதன்று என்பது விளங்கும். அந்த உயரத்தில் அலைநீளம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். ஆன்டெனா சிறியதாக அமையும், எத்திசையிலும் வீசும் குட்டைக் கம்பியைக் கூரையில் நிறுத்திவிடலாம், வண்டி திரும்பும்போதெல்லாம் அதைத் திருப்ப வேண்டியதில்லை. விலையாகக் கொடுக்க வேண்டியது பார்வைக் கோடு: மலையோ கட்டடமோ குறுக்கிட்டால் அலை பெரும்பாலும் மடங்கி வராது. மறுபரப்பிகளை மேடான இடங்களில் வைக்க வேண்டியிருந்ததன் காரணமும் இதுவே.

இரண்டாவது முடிவுதான் என் மதிப்பீட்டில் இந்த நிலையத்தின் இதயம். நகரும் வண்டிக்கு ஒரே செய்தி ஒரே பாதையில் வருவதில்லை. நேராக வருவது ஒன்று, எதிர்க்கட்டடத்தில் பட்டு வருவது ஒன்று, தொலைவிலுள்ள குன்றில் மோதித் தாமதமாக வருவது மற்றொன்று எனப் பல நகல்கள் ஆன்டெனாவில் சேருகின்றன. அவை ஒன்றோடொன்று கூடும் இடத்தில் அலை பலமாகவும், ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் ஏறக்குறைய இல்லாமலும் போகிறது. இந்தக் குழிகள் அரை அலைநீளத்துக்கு ஒன்று, அதாவது 8 அல்லது 9 சென்டிமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் சாலை நெடுக விரிந்து கிடக்கின்றன. மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வேன் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது, ஆகவே மூன்று மில்லிநொடிக்கு ஒருமுறை ஒரு குழியில் விழுந்து எழுகிறது. நொடிக்கு 100 கிலோபிட் வேகத்தில் 2,000 பிட் நீளமுள்ள ஒரு பொட்டலத்தை அனுப்ப 20 மில்லிநொடி ஆகும். அந்த நேரத்துக்குள் வண்டி அரை மீட்டருக்கு மேல் நகர்ந்து ஆறு குழிகளைத் தாண்டிவிடும். பேச்சாக இருந்தால் காது அந்தச் சொடுக்குகளைப் பொறுத்துக்கொள்ளும். தரவில் ஒரு பிட் புரண்டாலும் முழுப் பொட்டலமும் வீண்.

காலின்ஸ் வானொலி இதற்கு ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம் முறையைக் கையாண்டது. ஒவ்வொரு பிட்டையும் அப்படியே அனுப்பாமல், சிப் எனப்படும் மிக நுண்ணிய துடிப்புகளின் ஒரு குறிப்பிட்ட வரிசையாக மாற்றி அனுப்பினார்கள்: 100 கிலோபிட் வேகத்தில் பிட்டுக்கு 128 சிப், 400 கிலோபிட் வேகத்தில் பிட்டுக்கு 32 சிப். பெருக்கிப் பார்த்தால் இரண்டிலும் நொடிக்கு 1 கோடியே 28 லட்சம் சிப் என்ற ஒரே அளவு வரும். ஒரு சிப்பின் நீளம் சுமார் 78 நானோநொடி. அந்த நேரத்தில் ஒளி 23 மீட்டர் ஓடும். ஆகவே நேர்ப்பாதையைவிட 23 மீட்டருக்கு மேல் சுற்றி வந்த நகலை வாங்கும் கருவியால் தனித்த ஒரு வரவாகப் பிரித்தறிய முடிந்தது, ஒன்றையொன்று அழிக்கும் சண்டை பெருமளவு குறைந்தது. வரிசையை அடையாளம் கண்டு பிடிக்கும் வேலையை மேற்பரப்பு ஒலியலையால் இயங்கும் சிறு வடிகட்டிகள் செய்தன. வேண்டுமென்றே குறுக்கிடும் எதிரியின் அலையையும் இதே முறை ஓரளவு தாங்கும் என்பது படைத்துறையினர் பணம் தந்ததற்கான காரணங்களில் ஒன்று.

வேகம் ஏன் இரண்டு என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. 400 கிலோபிட்டில் ஒரு பிட்டின் நீளம் 2.5 மைக்ரோநொடி, தூரக் கணக்கில் 750 மீட்டர். 100 கிலோபிட்டில் 10 மைக்ரோநொடி, அதாவது 3 கிலோமீட்டர். குன்றுகள் சூழ்ந்த விரிகுடாவில் எதிரொலி 750 மீட்டருக்கு மேல் சுற்றி வருவது மிக எளிதாக நடக்கும், அப்போது முந்தைய பிட்டின் வால் அடுத்த பிட்டின் தலையில் ஏறிவிடும். இடம் தெளிவாக இருந்தால் வேகமாகவும், எதிரொலி மிகுந்தால் மெதுவாகவும் பேசும் வசதி இல்லாமல் அந்த வட்டாரத்தில் ஒரு நடமாடும் நிலையத்தை நடத்தியிருக்க முடியாது.

வானொலிப் பெட்டி வெறும் அனுப்பி-வாங்கி அன்று. அதற்குள் ஐஎம்பி-16 என்ற நுண்செயலி இருந்து, வந்த பொட்டலத்தைச் சரிபார்த்து, தனக்கா அடுத்தவருக்கா என்று முடிவெடுத்து, தேவையானால் மீண்டும் அனுப்பியது. எல்லோரும் ஒரே அலைவரிசையைப் பகிர்வதால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் கெடும். அலோஹா முறையில் நினைத்த நேரத்தில் பேசிவிடுவது வழக்கம். அப்படிப் பேசினால் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 விழுக்காடுதான் பயன்படும் என்பது கணக்கில் நிறுவப்பட்ட உண்மை. முதலில் கேட்டு, அலைவரிசை காலியாக இருந்தால் மட்டும் பேசும் முறையைக் கிளைன்ராக்கும் ஃபவாத் தொபாகியும் 1975-இல் ஆராய்ந்து வெளியிட்டிருந்தார்கள், அது இங்கே பயன்பட்டது. குன்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் பேசுவது இந்தப் பக்கத்து வண்டிக்குக் கேட்காது என்ற சிக்கல் மட்டும் தீரவில்லை. கேட்டுப் பேசும் எந்த முறையும் அதை முழுதாகத் தீர்த்ததில்லை.

ஒப்புகைக்குச் செய்த ஏற்பாடு மிகச் சிக்கனமானது. வேன் அனுப்பிய பொட்டலத்தை மறுபரப்பி அடுத்த கட்டத்துக்கு அனுப்பும்போது அந்த அலை வேனுக்கும் கேட்கிறது. தான் சொன்னது திரும்பச் சொல்லப்படுவதைக் கேட்டதே போய்ச் சேர்ந்ததற்குச் சான்று. தனியாக ஒப்புகை அனுப்பி அலைவரிசையை அடைக்க வேண்டியதில்லை. கேட்கவில்லையென்றால் வேன் மீண்டும் அனுப்பும். எந்த மறுபரப்பிக்கு யார் கேட்கிறார்கள் என்ற செய்திகளைத் திரட்டி, வழிகளை வகுத்துக் கொடுத்தது ஒரு பிடிபி-11 கணினியில் இயங்கிய நிலையம். வேன் ஒரு மறுபரப்பியின் பார்வையிலிருந்து மறைந்து மற்றொன்றின் பார்வைக்குள் நுழையும்போது அதன் வழி மாற்றி எழுதப்பட்டது. வண்டியில் இருந்த பயனாளருக்கு இந்த மாற்றம் எதுவும் தெரியக்கூடாது என்பது வடிவமைப்பின் நோக்கம்.

வேனுக்குள் இருந்த மற்ற முக்கியக் கருவி, முனையத்துக்கும் வானொலிக்கும் நடுவே உட்கார்ந்த எல்எஸ்ஐ-11 சிறுகணினி. வானொலிப் பெட்டி ஏறத்தாழ ஒரு கன அடி. ஒன்றின் விலை சுமார் 50,000 டாலர். ஓடும் தரையில் குலுங்கியபடி இவை வேலை செய்ய வேண்டும், குளிர்ச்சியையும் மின்சாரத்தையும் வண்டியே சுமக்க வேண்டும். ஆய்வகத்தில் ஒழுங்காக இயங்கிய ஒன்று வண்டியில் ஏறியதும் முரண்டு பிடிப்பதை, சிறிய அளவில் காரில் வானொலி பொருத்திப் பார்த்த அமெச்சூர் வானொலிக்காரர் எவரும் அறிவர்.

இவ்வளவு செய்தும் ஒன்று தப்பவில்லை. வேன் மேம்பாலத்துக்கு அடியில் போனால் தொடர்பு அறும். அறுந்த அந்த ஓரிரு நொடிகளில் போன பொட்டலங்கள் போனவைதான்; எத்தனை முறை மீண்டும் அனுப்பினாலும் பாலத்தின் கான்கிரீட் வழிவிடாது. ஆர்ப்பாநெட்டில் அதுவரை புழங்கிய என்சிபி நெறிமுறை இதற்கு ஏற்றதன்று, ஏனெனில் நடுவிலுள்ள வலை எதையும் தொலைக்காது என்ற நம்பிக்கையின் மேல் அது கட்டப்பட்டிருந்தது. குத்தகைக் கம்பிகளும், ஒவ்வொரு கட்டத்திலும் சரிபார்த்து அனுப்பும் ஐஎம்பி எனப்பட்ட இடைக் கணினிகளும் (வானொலிப் பெட்டியிலிருந்த ஐஎம்பி-16 வேறு) அந்த நம்பிக்கையைக் காப்பாற்றின; ஒரு பொட்டலம் தொலைந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு என்சிபியிடம் உருப்படியான பதில் இல்லை.

கான் முதலில் நினைத்தது, வானொலி வலைக்குள் மட்டும் செல்லுபடியாகும் தனி நெறிமுறை ஒன்றை எழுதிவிட்டு, வெளியே என்சிபியை அப்படியே விட்டுவிடலாம் என்பது. பல்வேறு கணினிகளின் இயக்க அமைப்புகளில் கைவைக்கும் தலைவலி மிச்சமாகும். ஆனால் வேனில் இருப்பவர் பேச வேண்டியவர்கள் வானொலி வலைக்கு வெளியே இருந்தார்கள். ஆர்ப்பாநெட்டிலுள்ள பெரிய கணினிகள் இல்லாமல் வேனுக்குப் பயனும் இல்லை. தொலைவதற்கு வாய்ப்புள்ள வலை ஒன்று பாதையில் வந்துவிட்டால், தொலைந்ததைக் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் இரு முனைகளில் இருப்பவர்கள் மட்டுமே. அனுப்புபவர் எண்ணிட்டு அனுப்ப வேண்டும், வாங்குபவர் எண்ணிப் பார்த்து ஒப்புகை தர வேண்டும், வராததை அனுப்பியவரே மீண்டும் அனுப்ப வேண்டும். நடுவில் உள்ள வலைகள் முடிந்தவரை கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். கானும் அப்போது ஸ்டான்ஃபோர்டில் இருந்த விண்டன் செர்ஃபும் 1974 மே மாதம் வெளியிட்ட கட்டுரையின் கரு இதுதான், டிசிபி என்ற நெறிமுறை அதிலிருந்து பிறந்தது. இணையத்தின் இந்த அடிப்படைக் கொள்கையைத் தூய தத்துவ யோசனையின் விளைவாகச் சித்திரிப்பவர்கள் உண்டு. பாலத்துக்கு அடியில் போகும் வண்டியை மனத்தில் வைத்துப் படித்தால் அது வேறு வழியே இல்லாத ஏற்பாடாகத் தோன்றுகிறது.

டிசிபியை எல்எஸ்ஐ-11 போன்ற சிறிய கணினிக்குள் அடக்கியவர் எஸ்ஆர்ஐயின் ஜிம் மேத்திஸ். இதன் முக்கியத்துவத்தைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. நெறிமுறை பெரிய கணினியில் மட்டும் ஓடியிருந்தால், நம்பகத்தின் ஒரு முனை ஆய்வகத்தில் நின்றுவிட்டிருக்கும், வேன் வெறும் நீட்டிக்கப்பட்ட கம்பியாகியிருக்கும். வண்டிக்குள்ளேயே ஒரு முனை இருந்ததால்தான் அது தன்னளவில் ஒரு முழு நிலையம் ஆனது. வானொலி வலைக்கும் ஆர்ப்பாநெட்டுக்கும் நடுவில் பொட்டலங்களைக் கைமாற்றும் கேட்வே மென்பொருளை பிபிஎன்னில் எழுதியவர் வர்ஜீனியா ஸ்ட்ராஜிசார்.

ஆகஸ்ட் 27-க்கு இப்போது திரும்பலாம். அன்று நடந்தது சோதனையன்று, சோதனைகள் முடிந்ததைக் கொண்டாடும் நிகழ்ச்சி. ஆல்பைன் இன், எஸ்ஆர்ஐக்காரர்கள் வழக்கமாகப் போய்வந்த இடம். ஆய்வகத்திலிருந்து எட்டத்தில் இருந்தது, ஆனால் வானொலிக்கு எட்டியது. அங்கிருந்து அனுப்பப்பட்டது திட்டத்தின் வாராந்தர அறிக்கை. கேட்வே வழியாக இரண்டு வேறு வலைகளைத் தாண்டி அது போனது உண்மை, அந்த அளவில் நாள் முக்கியமானதே. இணைய யுகம் அங்கே தொடங்கியது என்று பலகை சொல்வதை மட்டும் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. வேன் நின்றது, குழிகளும் பாலங்களும் இல்லை, வலைகள் இரண்டே. பொதுவாகப் பயன்படும் ஒரு நெறிமுறைக்குக் குறைந்தது மூன்று வலைகளாவது வேண்டும், ஏனெனில் இரண்டை மட்டும் இணைப்பதற்குக் கைவேலையாக ஒரு மொழிபெயர்ப்பி எழுதினாலே போதும்.

அந்த மூன்றாவது வலை 1977 நவம்பர் 22 அன்று சேர்ந்தது. வேன் பேஷோர் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய பொட்டலங்கள் வானொலி வலையில் ஏறி, கேட்வே வழியாக ஆர்ப்பாநெட்டில் இறங்கி, அமெரிக்காவைக் குறுக்கே கடந்து நார்வேக்கும், அங்கிருந்து தரைவழியாக லண்டனில் பீட்டர் கர்ஸ்டீன் குழு இருந்த யுனிவர்சிட்டி காலேஜுக்கும் போயின. பிறகு சாட்நெட் என்ற செயற்கைக்கோள் வலையில் ஏறி அட்லாண்டிக்கைத் தாண்டி மேற்கு வர்ஜீனியாவில் ஈட்டம் (Etam) என்ற இடத்திலிருந்த தரை நிலையத்தில் இறங்கி, மீண்டும் ஆர்ப்பாநெட் வழியாகத் தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிலையத்தை அடைந்தன. நேராகப் போனால் போய்வர 800 மைல். பொட்டலங்கள் பயணம் செய்ததோ 94,000 மைல், ஒரு பிட்கூடத் தொலையவில்லை என்று செர்ஃப் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த எண் மிகையாகத் தோன்றலாம். புவிநிலைச் சுற்றுப்பாதை ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், செயற்கைக்கோளுக்கு ஒருமுறை ஏறி இறங்கினாலே 70,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும் என்பதை நினைவில் கொண்டால் கணக்கு பிடிபடும்.

ஒரு பிட்கூடத் தொலையவில்லை என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பொட்டலங்கள் தொலையாமல் இருந்தன என்பது அதன் பொருளன்று. தொலைந்தவை கண்டறியப்பட்டு மீண்டும் அனுப்பப்பட்டதால், முனையத்தில் வந்து சேர்ந்த செய்தி முழுமையாக இருந்தது என்பதே பொருள். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒப்புகைக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது? வானொலி வலைக்குள் மட்டும் பேசினால் மிகக் குறைந்த நேரத்தில் பதில் வந்துவிடும். செயற்கைக்கோளைத் தொட்டுவர ஒவ்வொரு முறையும் கால் நொடி கூடும். பொறுமையில்லாமல் மீண்டும் அனுப்பினால் ஏற்கனவே நெரிசலான அலைவரிசை நகல்களால் நிரம்பும், அதிகம் பொறுத்தால் பாலத்தைத் தாண்டிய பிறகும் வேன் வாயடைத்து நிற்கும். மூன்று வலைகளும் ஏற்கும் பொட்டல அளவும் ஒன்றன்று, வழியில் வெட்டிப் பிரித்து மறுமுனையில் சேர்க்க வேண்டியிருந்தது. வேன் இல்லாமல் கம்பி வலைகளை மட்டும் இணைத்திருந்தால் இந்தக் கேள்விகள் இவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்குமா என்பது ஐயமே.

எழுந்த கேள்விகளில் பல அடுத்த ஆண்டுகளில் விடை கண்டன. முகவரி பார்த்துப் பொட்டலத்தைக் கொண்டுசேர்க்கும் பகுதி 1978-இல் டிசிபியிலிருந்து ஐபி என்ற பெயரில் தனியாகப் பிரிக்கப்பட்டது. வேனிலிருந்து பேச்சொலியைப் பொட்டலங்களாக அனுப்பிப் பார்த்த சோதனைகளும் இந்தப் பிரிவுக்கு வலுவூட்டின, தாமதமாக வந்து சேரும் முழுமையைவிட நேரத்துக்கு வரும் அரைகுறையே பேச்சுக்கு மேல். 1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் என்சிபியைக் கைவிட்டு டிசிபி/ஐபிக்கு மாறியது.

விடை காணாமல் நின்றது முகவரி. வேன் விரிகுடா முழுவதும் சுற்றினாலும் ஒரே வானொலி வலைக்குள்தான் சுற்றியது. மறுபரப்பி மாறியதே தவிர வலை மாறவில்லை, ஆகவே வெளியுலகுக்கு அதன் முகவரியும் மாறவில்லை. அதே வேன் வேறொரு வலையின் எல்லைக்குள் போய் அங்குள்ள கேட்வே வழியாகப் பேச முயன்றிருந்தால், முகவரியிலேயே வலையின் எண் பொதிந்திருப்பதால், நடந்துகொண்டிருந்த டிசிபி தொடர்பு அங்கேயே அறுந்திருக்கும். செர்ஃப் 1979-இல் களப் பயன்பாட்டுக்கான முகவரிகளைப் பற்றி எழுதிய குறிப்பில் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டார். வலை மாறினாலும் தொடர்பு அறாமல் காக்கும் மொபைல் ஐபி ஒரு தரநிலை முன்வரைவாக வெளிவந்தது 1996-இல். அதற்குள் அந்த வேன் ஓடி ஓய்ந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இப்போது அது மவுன்டன் வியூவில், தான் ஓடிய நெடுஞ்சாலைக்குச் சற்றுத் தள்ளி, கணினி வரலாற்று அருங்காட்சியகத்தின் உடைமையாக இருக்கிறது.